காலி இடமும் ஒரு வடிவம்: கிராஃபிக் டிசைனில் வெற்றிடம் செய்யும் வேலை

பெரும்பாலான தமிழ் வீடுகளில் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியின் ஒரு தாளைக் கிழித்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையளவு தாளில் ஆங்கில மாதம், தமிழ் மாதம், கிழமை, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், சந்திராஷ்டமம் என்று ஒரு குட்டிப் பஞ்சாங்கமே அச்சாகியிருக்கும். ஆனாலும் அறையின் மறுகோடியில் நிற்பவருக்குத் தேதி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அந்த எண் பெரிதாக இருப்பதால் தெரிகிறது என்று சொன்னால் அது பாதி விடைதான். எண்ணை அதே அளவில் விட்டுவிட்டு, அதைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி முழுவதையும் திதியாலும் நட்சத்திரத்தாலும் நிரப்பிப் பாருங்கள். எண் அதே இடத்தில் இருக்கும், கண் மட்டும் அதைத் தேடத் தொடங்கிவிடும். விடையின் மறுபாதி அந்த வெள்ளைப் பகுதியில் இருக்கிறது.

வடிவமைப்பாளர்கள் இதனை வெற்றிடம் என்றோ, அலுவலகப் பேச்சில் ஒயிட் ஸ்பேஸ் என்றோ சொல்வார்கள். பெயரில் வெள்ளை இருந்தாலும் அது வெள்ளையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கறுப்புச் சுவரொட்டியில் கறுப்பும், புகைப்படத்தில் மேகமற்ற வானமும், துணிக்கடைப் பையில் அச்சேறாத பழுப்புக் காகிதமும் வெற்றிடமே. எழுத்தோ படமோ கோடோ இல்லாத எந்தப் பரப்பும் இந்தக் கணக்கில் சேரும்: பக்கத்தின் ஓரங்கள், பத்திகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி, வரிக்கும் வரிக்கும் உள்ள தூரம், 'ம' என்ற எழுத்துக்குள் அடைபட்டிருக்கும் சிறு பரப்பு ஆகிய அனைத்தும். புதிதாக இத்துறைக்கு வருபவர்கள், எல்லாவற்றையும் வைத்து முடித்தபின் மிஞ்சுவதே வெற்றிடம் என்று எண்ணுகிறார்கள். அனுபவமுள்ளவர் அதற்கும் ஒரு வடிவம் உண்டென்று பார்த்து, எழுத்தை நகர்த்தும்போதெல்லாம் அந்த வடிவமும் மாறுவதைக் கவனித்துக்கொண்டே வேலை செய்வார். இக்கட்டுரையில் நான் விளக்க விரும்புவது அந்தப் பார்வையைத்தான்.

அப்படிப் பார்ப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் நம் கண்ணின் இயல்பு. டென்மார்க்கைச் சேர்ந்த உளவியலாளர் எட்கர் ரூபின் 1915ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்ற படமொன்று இன்று உலகம் முழுவதும் அறியப்பட்டது. நடுவில் பார்த்தால் ஒரு கோப்பை, இருபுறமும் பார்த்தால் எதிரெதிராக நோக்கும் இரண்டு முகங்கள். கோப்பை தெரியும்போது முகங்கள் பின்னணியாகிவிடுகின்றன, முகங்கள் தெரியும்போது கோப்பை வெற்றிடமாகிவிடுகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் பொருளாகப் பார்க்க முடிவதில்லை. இரண்டு பகுதிகளுக்கும் பொதுவான எல்லைக்கோட்டை மூளை ஏதேனும் ஒரு பகுதிக்கே உரியதாக எடுத்துக்கொள்கிறது என்பதே ரூபின் காட்டிய செய்தி. அன்றாடப் பக்கங்களில் எழுத்தே எப்போதும் பொருள் என்று நாம் பழகிவிட்டதால், அதைச் சூழ்ந்த இடம் வடிவமற்றதாகத் தோன்றுகிறது. இந்தப் பழக்கத்தை உடைக்க எளிய வழி, செய்த வேலையைத் தலைகீழாகத் திருப்பிவைத்துப் பார்ப்பதுதான். சொற்களை வாசிக்க முடியாமல் போனவுடன், எங்கே காலி இடம் ஒழுங்காகத் திரண்டிருக்கிறது, எங்கே துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கிறது என்பது தெரிந்துவிடும்.

வெற்றிடத்தின் முதல் வேலை பிரிப்பதும் சேர்ப்பதும் ஆகும். தனித்தனித் துண்டுகளை நாம் முழு உருவமாக எப்படிக் காண்கிறோம் என்று ஆராயும் கெஸ்டால்ட் உளவியலை ஜெர்மனியில் வளர்த்தவர்களுள் ஒருவரான மாக்ஸ் வெர்தைமர் 1923ஆம் ஆண்டுக் கட்டுரையில், அருகருகே உள்ள புள்ளிகளைக் கண் ஒரே குழுவாக எடுத்துக்கொள்கிறது என்பதை வெறும் புள்ளி வரிசைகளைக் கொண்டே விளக்கினார். இதனைப் புரிந்துகொள்ள ஒரு விசிட்டிங் கார்டு போதும். மின்சாதனம் பழுதுபார்க்கும் கடையொன்றின் அட்டையில் கடைப்பெயர், தொழில், உரிமையாளர் பெயர், கைபேசி எண், முகவரி, மின்னஞ்சல் என ஆறு வரிகள் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆறையும் நடுவில் சீராக, ஒவ்வொரு வரிக்கும் இடையே 4 மில்லிமீட்டர் விட்டு அடுக்கினால், கண் ஆறு தனித்தனிச் செய்திகளைக் காண்கிறது. எதை முதலில் படிப்பது, எது எதனோடு சேர்ந்தது என்பதை வாசகரே முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அதே எழுத்துரு, அதே எழுத்தளவு, அதே அட்டை. கடைப்பெயரையும் தொழிலையும் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கி, அதன்பின் 8 மில்லிமீட்டர் விட்டு, உரிமையாளர் பெயரையும் கைபேசி எண்ணையும் நெருக்கி, மீண்டும் அதேபோல் விட்டு முகவரியையும் மின்னஞ்சலையும் வையுங்கள். இப்போது அட்டையில் மூன்று செய்திகள்தாம் இருக்கின்றன: என்ன கடை, யாரை அழைப்பது, எங்கே இருக்கிறது. ஒரு கோடுகூடப் போடாமல், ஒரு வண்ணம்கூடச் சேர்க்காமல் இந்த ஒழுங்கு கிடைத்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது, இடத்தின் மொத்த அளவு ஏறக்குறைய மாறவே இல்லை என்பது. முதல் அட்டையில் ஐந்து இடைவெளிகள் நான்கு நான்காக 20 மில்லிமீட்டர். இரண்டாவதில் மூன்று சிறிய இடைவெளிகள் 6, இரண்டு பெரியவை 16, ஆக 22 மில்லிமீட்டர். வெறும் 2 மில்லிமீட்டரே கூடியிருக்கிறது. ஆனால் சமமாகப் பரவிக்கிடந்த இடத்தைச் சமமற்றதாகப் பங்கிட்டதால் அது பொருள் பெற்றுவிட்டது. தொடக்க நிலையில் பயில்வோர் இடைவெளிகளையெல்லாம் சமமாக்குவதையே ஒழுங்கு என்று நம்பி, அந்த நம்பிக்கையில் வடிவமைப்பைத் தட்டையாக்கிவிடுவதை அடிக்கடி காண்கிறேன். தமிழ்ப் பத்திரிகைகளிலும் இணையப் பக்கங்களிலும் துணைத்தலைப்புகள் மேலேயுள்ள பத்திக்கும் கீழேயுள்ள பத்திக்கும் நட்டநடுவே மிதந்துகொண்டிருப்பதும் இதே பிழைதான். தலைப்பு தனக்குக் கீழே வரும் பத்திக்குச் சொந்தமானது. ஆகவே மேலே உள்ள இடைவெளி கீழே உள்ளதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். படத்துக்கும் படவிளக்கத்துக்கும் இதே விதி பொருந்தும்.

இரண்டாவது வேலை, வெற்றிடமே உருவமாக எழுந்து நிற்பது. கூரியர் நிறுவனமான ஃபெடெக்ஸின் லோகோவை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லாத ஆசிரியர் இல்லை. ஆகவே சுருக்கமாகவே சொல்கிறேன். லேண்டர் என்ற வடிவமைப்பு நிறுவனத்தில் பணியாற்றிய லிண்டன் லீடர் 1994இல் அமைத்த அந்த லோகோவில், ஆங்கிலப் பெரிய எழுத்து 'ஈ'க்கும் அடுத்துள்ள 'எக்ஸு'க்கும் நடுவே வலப்புறம் நோக்கிய ஓர் அம்புக்குறி வெள்ளையாக உருவாகியிருக்கும். அந்த அம்பை யாரும் வரைந்து ஒட்டவில்லை. யூனிவர்ஸ், ஃபியூச்சுரா என்ற இரண்டு எழுத்துருக்களின் இயல்புகளைக் கலந்து, இரு எழுத்துகளின் கைகளும் கால்களும் சரியான உயரத்தில் சந்திக்கும்படி செதுக்கியதால் நடுவிலிருந்த இடம் அம்பாயிற்று. அதைக் காணாமலே அந்த லோகோவைப் பல ஆண்டுகள் பார்த்துவந்தவர்கள் ஏராளம். ஒருமுறை கண்டுவிட்டால் பிறகு காணாமலிருக்க முடிவதில்லை.

எனக்கு இதைவிடப் பிடித்தது உலக இயற்கை நிதியத்தின் பாண்டா. 1961இல் அந்த அமைப்பு தொடங்கப்பட்டபோது, லண்டன் விலங்குக் காட்சிசாலையில் வாழ்ந்த சி-சி என்ற பாண்டாவை மனத்தில் கொண்டு, ஜெரால்ட் வாட்டர்சன் போட்ட ஓவியங்களிலிருந்து பீட்டர் ஸ்காட் அந்த முத்திரையை வரைந்தார். கறுப்பு மட்டும் அச்சிட்டால் போதும், செலவு குறையும் என்பதும் அந்த விலங்கைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். 1986இல் அதைத் திருத்தியமைத்தபோது தலையையும் முதுகையும் சுற்றியிருந்த கோடுகள் நீக்கப்பட்டன. இன்று அந்த முத்திரையைப் பார்த்தால் காதுகள், கண் திட்டுகள், மூக்கு, கைகால்கள் ஆகிய கறுப்புத் துண்டுகள் மட்டுமே இருக்கின்றன. தலையின் உச்சி எங்கே முடிகிறது, முதுகு எங்கே வளைகிறது என்பதைக் காட்டும் கோடே கிடையாது. ஆயினும் அங்கே ஒரு வளைவு இருப்பதாகவே நாம் அடித்துச் சொல்வோம். விடுபட்டதைக் கண் தானாகவே நிரப்பிக்கொள்ளும் இந்த இயல்பை நம்பித்தான் கோடு அழிக்கப்பட்டது. எதை அழித்தாலும் உருவம் நிற்கும், எதை அழித்தால் சரிந்துவிடும் என்று அறிவதே அங்கே வரைபவரின் திறமை. காதுத் திட்டுகளில் ஒன்றை மூடிப் பாருங்கள், விலங்கே கலைந்துபோகும்.

மூன்றாவது வேலை, ஒரு பொருளின் மதிப்பை உணர்த்துவது. அதைப் பற்றிப் பேசும்போது வடிவமைப்பைத் தாண்டிப் பணம், புகழ், அதிகாரம் ஆகியவற்றுக்குள்ளும் போக வேண்டியிருக்கிறது. ஏனெனில் காலி இடத்துக்கு விலை உண்டு. இந்திய நாளிதழ்களில் விளம்பர இடம் சதுர சென்டிமீட்டர் கணக்கில் விற்கப்படுகிறது. அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய இடத்தைச் சும்மா விடுவதா என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயமான கேள்வியே. அக்கேள்விக்கு விளம்பர உலகம் திரும்பத் திரும்பச் சுட்டும் விடை, 1959இல் அமெரிக்காவில் வோக்ஸ்வேகன் பீட்டில் காருக்காக டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம் செய்த விளம்பரம். கலை இயக்குநர் ஹெல்முட் குரோன், எழுதியவர் ஜூலியன் கோனிக். முழுப்பக்கத்தின் பெரும்பகுதி வெறுமையாக இருக்க, இடது மேல்பகுதியில் ஒரு பூச்சி ஊர்வதைப்போல் கறுப்பு வெள்ளையில் சிறிய கார். அடியில் 'சிறிதாக நினையுங்கள்' என்ற பொருளில் இரண்டே சொற்களில் தலைப்பு. அதன்கீழ் மூன்று பத்திகளாக உரை. அக்கால அமெரிக்கக் கார் விளம்பரங்களோ, நீள அகலத்தை மிகைப்படுத்தி வரைந்த வண்ண ஓவியங்களாலும், பெரிய வீடுகளாலும், சிரிக்கும் குடும்பங்களாலும் நிறைந்தவை. அவற்றின் நடுவே இந்த வெறுமை மூன்று செய்திகளை ஒருசேரச் சொன்னது: கார் சிறியது, நாங்கள் அதை மறைக்கவில்லை, கத்த வேண்டிய அவசியமும் எங்களுக்கு இல்லை. 1999இல் அட்வர்டைசிங் ஏஜ் இதழ் இருபதாம் நூற்றாண்டின் விளம்பர இயக்கங்களை வரிசைப்படுத்தியபோது இதற்கே முதலிடம் தந்தது.

ஆனால் இந்த எடுத்துக்காட்டை வகுப்பறைகளில் சொல்லும் முறையில் ஒரு கோளாறு இருக்கிறது என்பது என் கருத்து. வெற்றிடம் விட்டால் விளம்பரம் வெல்லும் என்று மாணவர்கள் இதிலிருந்து கற்றுக்கொள்கிறார்கள். அந்த வெறுமை பேசியது, சுற்றிலுமிருந்த மற்றப் பக்கங்கள் நெரிசலாக இருந்ததால். எல்லாப் பக்கமும் வெறுமையாக இருந்திருந்தால் அது யார் கண்ணிலும் பட்டிருக்காது. ஆடி மாதத்தில் நம் நாளிதழ்களில் வரும் ஜவுளிக்கடை விளம்பரத்தையும், அதே நாளிதழில் வரும் வைர நகைக் கடையின் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இது இன்னும் தெளிவாகும். ஆடித் தள்ளுபடிப் பக்கத்தில் சேலை, வேட்டி, சுடிதார், பட்டுப்பாவாடை எல்லாம் விலையோடு முண்டியடித்துக்கொண்டு நிற்கும். விரல் நுழைக்க இடமிருக்காது. நகைக்கடைப் பக்கத்தில் ஒரே ஒரு ஆரம், சுற்றிலும் இருண்ட நிறம், மூலையில் பெயர். முதலாவது மலிவையும் நிறைவையும் சொல்கிறது. குவிந்துகிடக்கிறது, வந்து அள்ளிக்கொள்ளுங்கள் என்கிறது. இரண்டாவது அருமையைச் சொல்கிறது. ஆடித் தள்ளுபடியை நகைக்கடைப் பாணியில் வடிவமைத்தால், பார்ப்பவர்கள் விலை அதிகம் என்று எண்ணி வேறு கடைக்குப் போய்விடுவார்கள். நெரிசலான பக்கத்தை ரசனைக் குறைவு என்று தள்ளிவிடும் வடிவமைப்பாளர், அது யாரிடம் என்ன பேசுகிறது என்பதைக் கேட்கத் தவறுகிறார்.

வெறுமை தனக்கு முன்னே இருந்ததை நம்பியே பேசுகிறது என்பதற்கு இசைத்தட்டு உலகில் இன்னும் கூர்மையான சான்று உண்டு. பிரிட்டிஷ் இசைக்குழுவான பீட்டில்ஸ் 1967இல் வெளியிட்ட 'சார்ஜென்ட் பெப்பர்' தட்டின் உறையை பீட்டர் பிளேக்கும் ஜான் ஹாவர்த்தும் அமைத்தனர். எழுத்தாளர், நடிகர், தத்துவவாதி என ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் உருவங்கள் திருவிழாக் கூட்டம்போல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் உறை அது. அதற்கு அடுத்த ஆண்டு நவம்பரில் வந்த இரட்டைத் தட்டின் உறையைச் செய்தவர் 'பாப் ஆர்ட்' வகை ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன். வெள்ளை; வேறொன்றுமில்லை. குழுவின் பெயர் மையின்றி மேடாக மட்டும் அழுத்தப்பட்டிருந்தது, அதுவும் சற்றுச் சாய்வாக. ஒவ்வொரு படிக்கும் தனித்தனி வரிசை எண் முத்திரையிடப்பட்டிருந்தது. குறைந்த எண்ணிக்கையில் அச்சாகும் ஓவியப் படிகளுக்கு எண் இடும் வழக்கத்தை, இலட்சக்கணக்கில் விற்கப்போகும் ஒரு தட்டுக்குப் பொருத்தியது ஹாமில்டனின் குறும்பு. உலகம் முழுவதும் முகம் தெரிந்த நால்வருக்கு இது செல்லும். யாருக்கும் தெரியாத புதிய குழு ஒன்று வெள்ளை உறையோடு வந்திருந்தால், அச்சகத்தில் ஏதோ தவறிவிட்டது என்று கடைக்காரர் திருப்பி அனுப்பியிருப்பார்.

அந்த உறைக்குப் பின்னாளில் நேர்ந்தது அதைவிடச் சுவையானது. முதல் எண் தாங்கிய, குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்த படி 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. ஆனால் நான் சொல்ல வருவது பழைய கடைகளில் கிடக்கும் சாதாரணப் படிகளைப் பற்றி. அமெரிக்கக் கலைஞர் ரூதர்ஃபோர்ட் சாங் இந்த ஒரே தட்டின் பழைய படிகளை மட்டும் வாங்கிச் சேர்த்து 2013இல் நியூயார்க்கில் காட்சிக்கு வைத்தார். உறையை வெறுமையாக விட்டிருந்ததால் உரிமையாளர்கள் அதில் பெயர் எழுதியிருந்தார்கள், படம் வரைந்திருந்தார்கள், காதல் கடிதம்போல் ஏதோ கிறுக்கியிருந்தார்கள். மீதியைக் காப்பிக் கறையும் பூஞ்சையும் பார்த்துக்கொண்டன. ஒரே வடிவமைப்பு, ஆனால் எந்த இரண்டு படிகளும் ஒன்றுபோல் இல்லை. வண்ணப்படம் அச்சிட்ட உறையில் இவ்வளவு துணிந்து யாரும் கைவைத்திருக்க மாட்டார்கள்.

நம் நாட்டிலும் வெற்றிடம் உரத்துப் பேசிய நாள் ஒன்று உண்டு. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டுப் பத்திரிகைத் தணிக்கை வந்தபின், ஜூன் 28ஆம் தேதி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழ் தலையங்கம் வரவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்டது. வடிவமைப்பு நோக்கில் பார்த்தால், அந்த இடத்தைப் பேசவைத்தது பக்கத்தின் மாறாத கட்டமைப்புதான். நாள்தோறும் அதே பத்தியில், அதே அகலத்தில் தலையங்கத்தைக் கண்டு பழகிய வாசகருக்குத்தான் அங்கே ஏதோ எடுக்கப்பட்டிருக்கிறது என்று புரியும். நாளொரு விதமாகப் பக்கத்தை மாற்றிக்கொண்டிருந்த ஒரு தாளில் அதே வெறுமை விளம்பரம் கிடைக்காத இடமாகத் தோன்றியிருக்கும்.

இதுவரை சொன்னவை பெரிய பரப்புகள். அன்றாட வேலையில் அதிகம் தொல்லை கொடுப்பவை சிறிய இடைவெளிகள், அதிலும் தமிழ் எழுத்தோடு வேலை செய்யும்போது. வடிவமைப்பு மென்பொருள்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தை முன்வைத்து இயங்குவதால் அவற்றின் இயல்பான அமைப்புகள் நமக்கு அப்படியே பொருந்துவதில்லை. வரி இடைவெளியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்டிசைன் போன்ற மென்பொருள்கள் எழுத்தளவில் 120 விழுக்காட்டை, அதாவது 10 பாயிண்ட் எழுத்துக்கு 12 பாயிண்ட் வரியைத் தாமாக எடுத்துக்கொள்கின்றன. தமிழில் 'சு', 'பு', 'யு' போன்றவை கீழே இறங்குகின்றன. 'கி', 'கீ' ஆகியவற்றின் மேல்விலங்குகளும் மெய்யெழுத்துகளின் புள்ளிகளும் மேலே ஏறுகின்றன. மேல்வரியின் காலும் கீழ்வரியின் புள்ளியும் ஒரே குறுகிய இடத்துக்குப் போட்டியிடும்போது பக்கம் கறுத்துப்போய், வரி தப்பி வாசிக்க நேர்கிறது. எழுத்துருவுக்கு எழுத்துரு இது மாறும் என்றாலும், 140 முதல் 160 விழுக்காடுவரை வைத்துத் தொடங்குவது நல்லது என்பது என் பரிந்துரை.

எழுத்துக்கு உள்ளே இருக்கும் இடமும் அப்படியே. 'ண' என்ற எழுத்தின் சுழிகளை மனத்தில் வரைந்து பாருங்கள். அதைத் தடித்த எழுத்தாக்கும்போது கோடு வெளிப்பக்கம் மட்டும் பருப்பதில்லை, உள்ளேயும் பருத்துச் சுழிகளின் கண்ணை அடைக்கிறது. கணினித் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது சரியாகத் தோன்றும் அதே எழுத்து, மலிவான தாளில் 8 பாயிண்டில் அச்சாகும்போது மை கசிந்து 'ண', 'ன' இரண்டும் ஒரே கறுப்புத் திட்டாகிவிடும். மை கசிவதை முன்கூட்டியே கணக்கிட்டு எழுத்தை வடித்த புகழ்பெற்ற எடுத்துக்காட்டு, அமெரிக்கத் தொலைபேசிக் கையேடுகளுக்காக மாத்யூ கார்ட்டர் உருவாக்கி 1978இல் வெளியான பெல் சென்டென்னியல் என்ற எழுத்துரு. கோடுகள் சந்திக்கும் மூலைகளில் அவர் வேண்டுமென்றே வெட்டுகள் விட்டார். மட்டமான தாளில் மை பரவி அந்த வெட்டுகளை நிரப்பிய பிறகே எழுத்து தன் உண்மையான வடிவத்தைப் பெறும். பெரிதாக்கிப் பார்த்தால் எலி கடித்ததுபோல் இருக்கும் அந்த எழுத்து, பெரிதாக்கிப் பார்ப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. தமிழில் சிறிய அளவுக்குத் தடித்த எழுத்து தேவைப்பட்டால், மிகத் தடித்ததை விட்டு நடுத்தரத் தடிமனைத் தேர்ந்தெடுங்கள்.

சொற்களுக்கு இடையே இடம் விடுவதே தமிழில் என்றும் இருந்த வழக்கமன்று. ஓலைச்சுவடிகளில் சொற்கள் இடைவெளியின்றித் தொடர்ந்து எழுதப்பட்டன, மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படவில்லை. வாசிப்பவரே பிரித்துப் படிக்க வேண்டும். அந்த வேலையை இன்று இடைவெளி நமக்காகச் செய்கிறது. ஆனால் நம் சொற்கள் நீளமானவை. நாளிதழின் குறுகிய பத்தியில் இரு ஓரங்களையும் சமப்படுத்தும்போது, அச்சில் தமிழ்ச் சொற்களை வரிக்கடைசியில் எந்த எழுத்திலும் இணைகோடின்றி முறிக்கும் வழக்கம் இருப்பதால் நிலைமை ஓரளவு சமாளிக்கப்படுகிறது. இணைய உலாவியோ அப்படி முறிப்பதில்லை. 'கொண்டிருக்கிறார்களென்பதையும்' போன்ற சொற்கள் அடுத்த வரிக்குத் தாவ, மேல்வரியில் எஞ்சிய இரண்டு மூன்று சொற்கள் இடத்தை நிரப்ப விலகி நிற்க, பத்தியின் நடுவே வெள்ளை ஓடைகள் ஓடுகின்றன. கைபேசித் திரைக்கான தமிழ் உரையை இடப்பக்கம் மட்டும் சீராக்கி, வலப்பக்கத்தை ஏற்றத்தாழ்வாக விட்டுவிடுவதே அதற்கு எளிய மருந்து. எழுத்துகளுக்கு இடையே இடம் கூட்டித் தலைப்பை அகலமாக்கும் ஆங்கிலப் பாணியையும் தமிழில் யோசித்தே செய்ய வேண்டும். பழைய, ஒருங்குறி (யூனிகோட்) அல்லாத எழுத்துருக்களில் அப்படிச் செய்தால் 'கொ' என்பதன் கொம்பும் காலும் நடுவெழுத்தைவிட்டு விலகி மூன்று துண்டுகளாகிவிடும்.

நிறைவாக, காலி இடத்தைக் கூட்டவே முடியாத ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: திருமண அழைப்பிதழ். மேலே பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் துணை, மணமக்களின் பெயர்களும் படிப்பும், இருவரின் தாத்தா பாட்டி, பெற்றோர், அழைக்கும் சித்தப்பா, பெரியப்பா, அத்தை, மாமா, உடன்பிறந்தோர், இவ்வளவுக்கும் மேலாகத் தமிழ் ஆண்டு, மாதம், நாள், நட்சத்திரம், முகூர்த்த நேரம், மண்டபத்தின் முகவரி. ஒரு பெயரை எடுத்தாலும் அது வடிவமைப்புச் சிக்கலாக நிற்காது, குடும்பச் சண்டையாகிவிடும். அழைப்பிதழில் பெயர்கள் நிறைந்திருப்பதே குடும்பத்தின் பெருமை என்பதால், அதைக் குறைக்க வேண்டிய காரணமும் இல்லை. ஆனால் அழைப்பிதழைக் கையில் வாங்கும் விருந்தினர் தேடுவது மூன்றே செய்திகளை: என்று, எத்தனை மணிக்கு, எந்த மண்டபம். நாட்காட்டியில் தேதிக்குச் செய்வதை இங்கே இந்த மூன்றுக்கும் செய்தால் போதும். மற்றவை நெருக்கமாகவே இருக்கட்டும். முகூர்த்தமும் மண்டபமும் வரும் தொகுதிக்கு நான்கு பக்கமும் குறைந்தது இரண்டு வரி உயரத்துக்கு இடம் விடுங்கள். அந்த இடத்தைப் பெயர்ப் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டியதில்லை. வாழை மரம், குத்துவிளக்கு, நாதஸ்வரம், மாவிலைத் தோரணம் என்று ஓரங்களில் அச்சகத்தார் வழக்கமாகச் சேர்க்கும் படங்களில் இரண்டை விட்டு, கரைக்கட்டத்தின் தடிமனைப் பாதியாக்கினால் அதுவே கிடைத்துவிடும். அச்சாவதற்குமுன் புரூஃபை மேசையில் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்று பாருங்கள். நாளும் மண்டபமும் அங்கிருந்தே தெரிந்தால் அச்சுக்கு அனுப்பலாம்.